நாகர்கோவிலில் லேப்டாப், சென்னையில் தரவுத்தளம்: பாதுகாப்பாக இணைப்பது எப்படி?

தோவாளையிலோ கல்குளத்திலோ ஒருவர் சான்றிதழ் கேட்டு இ-சேவை மையத்துக்குப் போகிறார். அவருடைய பெயர், முகவரி, கைப்பேசி எண் எல்லாம் ஒரு தரவுத்தளத்தில் பதிவாகின்றன. அந்த மென்பொருளை எழுதுபவர் நாகர்கோவிலில் இருக்கலாம். தரவுத்தளமோ சென்னையிலுள்ள மாநிலத் தரவு மையம் போன்ற ஓரிடத்தில், வெளி இணையத்துக்குத் தெரியாத தனி கிளவுடுக்குள் இருக்கும். சோதனைக்காக லேப்டாப்பிலிருந்து அதை எட்ட வேண்டியிருந்தால் என்ன செய்வது? மென்பொருள் எழுதுபவர்களும், எழுதச் சொல்லும் அலுவலர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

கரையை வெட்டாதீர்கள்

"கனெக்ட் ஆகலையா? ஃபயர்வால்ல 0.0.0.0/0 போட்டுத் திறந்து விடுங்க" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதுதான் அதன் பொருள். பேச்சிப்பாறைத் தண்ணீர் வயலுக்கு வேண்டும் என்பதற்காக யாரும் அணைக்கரையை வெட்டுவதில்லை. மடை வழியாகத்தான் எடுக்கிறோம். போஸ்ட்கிரெஸுக்கு 5432, மைஎஸ்க்யூஎல்லுக்கு 3306 என்ற போர்ட் எண்கள் ஊரறிந்தவை. திறந்து கிடப்பவற்றைத் தேடும் தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கடவுச்சொல் இல்லாமல் திறந்து கிடந்த பல்லாயிரம் மாங்கோடிபி தரவுத்தளங்கள் அழிக்கப்பட்டு, பிட்காயினில் பணம் கேட்கப்பட்டது.

மடை எது?

ஒன்று, அலுவலகம் தரும் விபிஎன். மற்றொன்று, எஸ்எஸ்எச் சுரங்கம். வெளியிலிருந்து எட்டக்கூடிய ஒரே ஒரு காவல் சர்வர் (பாஸ்டியன்) இருக்கும். உங்கள் லேப்டாப்பில் 127.0.0.1 முகவரியில் 5433 போன்ற ஒரு போர்ட்டைத் திறக்கிறீர்கள். அதில் போகும் எதுவும் மறையாக்கம் ஆகி காவல் சர்வருக்குப் போகும். அது உள்வலையிலுள்ள 5432-க்குக் கடத்திவிடும். தரவுத்தளம் வெளியே தலைகாட்டுவதே இல்லை.

கவனிக்க வேண்டியவை:

1. ஆளுக்கொரு எஸ்எஸ்எச் சாவி, அதற்கொரு கடவுத்தொடர், கூடவே ஓடிபி. ஒரே சாவியை நாலு பேர் பகிர்ந்தால், யார் வந்தார்கள் என்று பிறகு சொல்ல முடியாது.

2. சுரங்கத்தின் போர்ட் 127.0.0.1-இல் மட்டும் திறக்கட்டும். இல்லாவிட்டால் அதே வைஃபையில் உள்ளவர்களும் நுழையலாம்.

3. போஸ்ட்கிரெஸில் எஸ்எஸ்எல் நிலை 'ரிக்கொயர்' என்றால் மறையாக்கம் மட்டும்தான். எதிரே இருப்பது யார் என்று அது பார்ப்பதில்லை. 'வெரிஃபை-ஃபுல்' வையுங்கள். சான்றிதழ்ப் பெயர் பொருந்தவில்லை என்று பிழை வந்தால், 'ஹோஸ்ட்' இடத்தில் தரவுத்தளத்தின் உண்மைப் பெயரையும், 'ஹோஸ்ட்அட்ர்' இடத்தில் 127.0.0.1-ஐயும் கொடுங்கள்.

4. கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதாதீர்கள். கிட்டில் ஒருமுறை ஏறினால், அழித்தாலும் வரலாற்றில் இருக்கும். உடனே மாற்றுவதுதான் வழி.

5. படிக்க மட்டும் அனுமதியுள்ள கணக்கு, அதற்கு ஒரு முடிவு தேதி. இதுவே போதும்.

உண்மைத் தரவு தேவைதானா?

சுரங்கம் பாதையைத்தான் காக்கும். லேப்டாப்புக்கு வந்துசேர்ந்த நகலை அது காக்காது. பஸ்ஸில் லேப்டாப் தொலைந்தால், அதோடு போவது குளச்சல் மீனவரின் வங்கிக் கணக்கு எண்ணாகவும் இருக்கலாம். ஆகவே சோதனைக்குப் போலித் தரவையோ, பெயரும் எண்ணும் மறைக்கப்பட்ட நகலையோ கேளுங்கள். பெரும்பாலான பிழைகளைக் கண்டுபிடிக்க அது போதும்.

அப்படியும் கசிந்துவிட்டால் மறைக்காதீர்கள். செர்ட்-இன் 28.4.2022 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, தரவுக் கசிவு போன்ற சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உரிய பாதுகாப்பு செய்யத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதத்துக்கு வகை செய்கிறது.

அனுமதி கேட்கும் கடிதத்தில் மூன்றே விவரம் எழுதுங்கள்: எந்த அட்டவணை, எதற்காக, எந்தத் தேதி வரை. அனுமதி தரும் அலுவலரும் இந்த மூன்றும் இல்லாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.