தூசியைப் பிடிக்கும் துளி

கோடையில் நல்ல மழை பெய்து ஓய்கிறது. அதன்பின் காற்று எப்படி இருக்கும்? சுத்தமாக இருக்கும். காற்றில் இருந்த தூசியில் ஒரு பகுதியை மழைத்துளிகள் பிடித்துத் தரைக்குக் கொண்டு வந்துவிட்டன.

இதே வேலையை ஆலைகளிலும் செய்யலாம். தூசி கலந்த காற்றை உயரமான இரும்புத் தொட்டிக்குள் அனுப்புவார்கள். மேலிருந்து தண்ணீர் தெளிக்கும். தூசி சேறாகக் கீழே இறங்கும். சுத்தமான காற்று வெளியே போகும்.

இது எதற்கு? குஜராத்தில் கோத்ரா பக்கம் வெங்கச்சங்கல்லை மாவாக அரைக்கும் ஆலைகள் இருந்தன. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர் பகுதிகளிலிருந்து ஆதிவாசி மக்கள் பிழைப்புக்காக அங்கே போனார்கள். மூச்சோடு கல்மாவும் உள்ளே போனது. இருமல் வந்தது. மூச்சு முட்டியது. பலர் இறந்தார்கள். இந்த நோயின் பெயர் சிலிக்கோசிஸ். இதைக் குணமாக்க மருந்து கிடையாது. இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி, 2016-ல் உச்ச நீதிமன்றம் குஜராத் அரசுக்கு உத்தரவிட்டது.

கண்ணுக்குத் தெரியும் தூசியைப் பெரும்பாலும் மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத பொடிதான் நுரையீரலின் அடிவரை போகிறது. ஒரு மில்லிமீட்டரை 1000 பங்கு போடுங்கள். ஒரு பங்குதான் மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். 5 மைக்ரானுக்கும் குறைந்த பொடி மிகவும் ஆபத்தானது.

அதைப் பிடிப்பதும் கஷ்டம். ஆற்றின் நடுவே ஒரு பாறை இருக்கிறது. தண்ணீர் அதைச் சுற்றி விலகி ஓடுகிறது. மிதந்து வரும் கனமான மரக்கட்டை பாறையில் முட்டிவிடும். சருகோ தண்ணீரோடு விலகிப் போய்விடும். பெரிய துளி பாறை மாதிரி. நுண்ணிய பொடி சருகு மாதிரி. காற்றோடு விலகித் தப்பிவிடும்.

சரி, துளியை மிகச் சிறியதாக்கினால்? அது காற்றோடு சேர்ந்து பறக்கும். பொடியும் துளியும் ஒரே வேகத்தில் போனால் எப்படி மோதும்? போகும் வழியிலேயே துளி உலர்ந்தும் விடலாம். ஆகவே துளி நடுத்தரமாக இருக்க வேண்டும். எவ்வளவு? அது பொடியைப் பொறுத்தது. காற்றின் வேகத்தையும் பொறுத்தது.

ஒவ்வொரு அளவுக்கும் ஒரு தொட்டி கட்டிப் பார்க்க யாரிடம் பணம் இருக்கிறது? இங்கேதான் கணிப்பொறி உதவுகிறது. அது எதையும் கழுவுவதில்லை. கணக்குத்தான் போடுகிறது. பொடியின் அளவு, கனம், காற்றின் வேகம், துளியின் அளவு ஆகியவற்றை எண்களாகக் கொடுப்பார்கள். கணிப்பொறி ஒரு நொடியைப் பல துண்டுகளாக வெட்டும். ஒவ்வொரு துண்டு நேரத்திலும் பொடி எங்கே, துளி எங்கே என்று கணக்கிடும். கடைசியில் 100 பொடியில் எத்தனை மாட்டின என்று சொல்லும். துளியின் அளவை மாற்றினால் மறுபடியும் கணக்கிடும். இப்படி மேஜையில் உட்கார்ந்தே பல தொட்டிகளைச் சோதித்துப் பார்க்கலாம்.

ஆனால் தவறான எண்ணைக் கொடுத்தால் தவறான விடைதான் வரும். தெளிப்பானின் துளைகள் சுத்தமாக இருக்கும் என்று கணக்கில் வைத்திருப்பார்கள். ஆலையிலோ அவை சேறு அடைத்துக் கிடக்கும்! அதனால் ஆலைக்குப் போய்க் காற்றை அளந்து பார்த்தே தீர வேண்டும்.

அடியில் தேங்கும் சேறும் காய்ந்தால் மறுபடி தூசியாகப் பறக்கும். அதை ஈரமாக இருக்கும்போதே அள்ள வேண்டும்.