பழைய லாரியில் கிளட்ச் நழுவுகிறதா?

நம்மில் பலர் பழைய லாரி ஒன்றைச் சொந்தமாக வைத்தே சரக்கு அனுப்புகிறோம். மேட்டுப்பாளையத்தில் மளிகை ஏற்றிக் குன்னூர் மலைப்பாதையில் போகும்போது எஞ்சின் இரைகிறது. வண்டி ஏற மறுக்கிறது. கருகல் வாடை வருகிறது. கிளட்ச் நழுவுவதற்கு இவையே அடையாளம்.

சோதிப்பது எளிது. சமதளத்தில், எதிரே ஆள் நிற்காதபடி, கை பிரேக்கை இழுத்து, டாப் கியர் போட்டு, பெடலை மெதுவாக விடச் சொல்வோம். எஞ்சின் அணைந்தால் கிளட்ச் பிடிக்கிறது. ஓடிக்கொண்டே இருந்தால் நழுவுகிறது. ஒரு தரம் பார்த்தால் போதும்.

உடனே பிளேட் வாங்க ஓட வேண்டாம். பெடலை மிதித்ததும் முதலில் சிறிது தளர்வு இருக்க வேண்டும். அது இல்லையென்றால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காது. அட்ஜஸ்ட் செய்தாலே சரியாகலாம். ஆயில் சீல் கசிந்து பிளேட்டில் எண்ணெய் பட்டாலும் நழுவும். சீலை விட்டுப் பிளேட்டை மட்டும் மாற்றினால் பணம் வீண்.

தேய்ந்த பிளேட்டோடு ஓட்டினால் சூட்டில் பிளைவீலும் கெடும். கியர் பாக்ஸை இறக்கும்போதே பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் இரண்டையும் பார்த்துவிட்டால் இரட்டைக் கூலி மிச்சம். பெடல்மேல் கால் வைத்தபடியே ஓட்ட வேண்டாமென்று டிரைவரிடமும் சொல்லி வைப்போம்.

பிளேட் செலவைத் தள்ளிப்போட்டு, பாதி மலையில் வண்டி நின்றால், வாடகை வண்டிக்கும் கூலிக்கும் நாம்தான் கொடுக்க வேண்டும். காத்திருக்கும் கடைக்காரருக்கும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.