அரிமாவின் நிழலில் காட்டுநாய்கள்

நுழையும்முன்

விலங்குகளைக் கூண்டில் அடைத்துப் பார்த்து அறிந்தது ஒரு காலம். அவை வாழும் நிலத்துக்கே சென்று, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் கண்டு குறிப்பெடுப்பது இன்றைய கள ஆய்வின் முறை. ஆப்பிரிக்கக் காட்டுநாய்களையும் சிங்கங்களையும் அவ்வாறு பின்தொடர்ந்தோர் கண்ட உண்மைகள், காட்டுயிர்களுக்குப் பரந்த நிலம் ஏன் வேண்டும் என்னும் வினாவுக்கு விடை தருகின்றன. அவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கடலைச் சேராத ஆறு

அங்கோலா நாட்டு மேட்டுநிலத்தில் தோன்றும் ஒக்கவாங்கோ ஆறு கடலைச் சேர்வதில்லை. அது போட்ஸ்வானா நாட்டின் கலகாரி மணற்பரப்பில் விசிறிபோல் விரிந்து, அங்கேயே வற்றிவிடுகிறது. அங்கோலாவில் பெய்த மழைநீர் இங்கு வந்துசேரச் சில மாதங்கள் ஆகும். ஆகவே, மழையற்ற வறண்ட பருவத்தில்தான் இவ்வடிநிலத்தில் வெள்ளம் பெருகுகிறது. சுற்றுப்புறம் காய்ந்து கிடக்கும்போது இங்கு மட்டும் நீரும் புல்லும் கிடைப்பதால் இம்பாலா என்னும் இரலைமான்களும் காட்டெருமைகளும் வரிக்குதிரைகளும் யானைகளும் திரண்டு வருகின்றன. இரை திரளும் இடத்தை நாடி ஊனுண்ணிகளும் வருகின்றன.

இவ்வடிநிலத்தின் ஒரு பகுதியைத் தவானா இன மக்கள் 1963ஆம் ஆண்டில் விலங்குகளுக்கென ஒதுக்கினர். அதுவே மொரெமி காட்டுயிர்க் காப்பகம். அதன் பரப்பு ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீட்டர். ஒக்கவாங்கோ அடிநிலம் 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அமைப்பின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஆயிரமாவது இடமாகச் சேர்க்கப்பட்டது.

உடலே பெயர்ப்பலகை

மொரெமி பகுதியில் ஆய்வாளர் ஜான் மெக்நட் 1989ஆம் ஆண்டில் காட்டுநாய்களைப் பின்தொடரத் தொடங்கினார். அவ்வாய்வு பின்வந்தோரால் பல தலைமுறை நாய்களைக் கடந்து தொடர்ந்தது.

ஆப்பிரிக்கக் காட்டுநாய், வீட்டுநாய் காட்டுக்குள் புகுந்து மாறிய வகையன்று. நம் முதுமலைக் காட்டில் வாழும் செந்நாயும் அன்று. இவையனைத்தும் நாய்க் குடும்பத்தைச் சேர்ந்தவை என்றாலும் ஆப்பிரிக்கக் காட்டுநாய் தனியொரு பேரினம். மற்ற நாய்களின் முன்னங்கால்களில் ஐந்து விரல்கள் இருக்க, இதற்கு நான்கே உள்ளன. 20 முதல் 30 கிலோ வரை எடையும் வட்டமான பெரிய காதுகளும் கொண்ட இவ்விலங்கின் உடலில் கருமை, வெண்மை, மஞ்சள், பழுப்பு ஆகிய நிறங்கள் திட்டுத்திட்டாகப் படிந்திருக்கும். ஒரு நாயின் திட்டுகள் மற்றொன்றின் உடலில் அவ்வாறே அமைவதில்லை. ஆகவே, இரு பக்கங்களையும் ஒளிப்படம் எடுத்து வைத்துக்கொண்டால் எந்த நாயையும் பல ஆண்டுகள் கழித்தும் இன்னதென்று சொல்லிவிடலாம்.

அடையாளம் காண்பது எளிது. கூட்டத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதே அரிது. ஒரு கூட்டம் சில நூறு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஓயாது அலைந்து திரியும். ஆகவே, கூட்டத்தில் ஓரிரு நாய்களுக்கு மயக்க மருந்து செலுத்தி, அலைபரப்பி பொருத்திய கழுத்துப்பட்டையை அணிவிக்கின்றனர். அதன் குறியொலியை வண்டியிலிருந்தோ சிறு வானூர்தியிலிருந்தோ கேட்டு, கூட்டம் இருக்கும் திசையை அறிகின்றனர்.

தும்மித் தீர்மானிக்கும் கூட்டம்

பகல் வெப்பத்தில் நிழலில் படுத்திருக்கும் காட்டுநாய்கள் மாலையில் ஒவ்வொன்றாக எழுகின்றன. ஒன்றையொன்று முகர்ந்து, வாலாட்டி, கீச்சொலி எழுப்பி, கூடிக் குதிக்கின்றன. சில வேளைகளில் இக்கூடலுக்குப் பின் கூட்டம் வேட்டைக்குப் புறப்படும். சில வேளைகளில் மீண்டும் படுத்துவிடும். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் யாது?

ஒக்கவாங்கோ பகுதியில் இத்தகைய 68 கூடல்களை உற்றுநோக்கிய ஆய்வாளர்கள், 2017ஆம் ஆண்டில் வியப்பான விடையொன்றை வெளியிட்டனர். கூடலின்போது எழும் தும்மல்கள் மிகுந்தால் கூட்டம் புறப்படுகிறது, குறைந்தால் தங்கிவிடுகிறது. கூடலைத் தொடங்கியது தலைமை இணையாக இருந்தால் ஏறத்தாழ மூன்று தும்மல்கள் போதும். கீழ்நிலையிலுள்ள நாய் தொடங்கினால் பத்துத் தும்மல்கள் வரை தேவைப்படுகின்றன. தலைமைக்குச் செல்வாக்கு மிகுதி. எனினும் எளிய உறுப்பினரின் விருப்பமும் போதிய ஆதரவு பெற்றால் நிறைவேறுகிறது.

வேட்டையைப் பற்றிய பழைய கருத்தொன்றும் கள ஆய்வால் மாறியது. காட்டுநாய்கள் திட்டமிட்டு ஒன்றுகூடி, இரை களைத்து விழும்வரை நெடுந்தொலைவு துரத்துவன என்றே நூல்கள் கூறிவந்தன. ஆறு நாய்கள் கொண்ட ஒரு கூட்டத்துக்கு நுண்கருவிகள் பொருத்திய கழுத்துப்பட்டைகளை அணிவித்து, 1,119 துரத்தல்களை ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். 2016ஆம் ஆண்டில் வெளிவந்த அம்முடிவுகளின்படி, மரங்கள் நிறைந்த அந்நிலத்தில் பெரும்பாலான துரத்தல்கள் குறுகியவை. ஒவ்வொரு நாயும் வாய்ப்புக் கிட்டியபோது தனித்தே ஓடியது. நூறு முயற்சிகளில் ஏறத்தாழ பதினைந்தே வெற்றி பெற்றன.

நூற்றுக்குப் பதினைந்து என்பது குறைவுதான். ஆயினும் கூட்டம் பட்டினி கிடப்பதில்லை. ஒரு நாய் வீழ்த்திய இரையை எல்லா நாய்களும் பகிர்ந்து உண்கின்றன. ஒன்று தோற்ற நாளில் மற்றொன்று வென்றிருக்கும். திறந்த புல்வெளியில் வாழும் கூட்டங்கள் கூடுதல் தொலைவு துரத்துவதும் உண்டு; நிலத்துக்கேற்ப வேட்டை முறை மாறுகிறது. பகிர்ந்துண்ணும் பண்போ மாறுவதில்லை.

பகுத்துண்ணும் பண்பு

பெரும்பாலான கூட்டங்களில் தலைமை இணை மட்டுமே குட்டி ஈனுகிறது. ஓர் ஈற்றில் பத்துக் குட்டிகள் வரை பிறப்பது இயல்பு. பிற விலங்குகள் தோண்டிக் கைவிட்ட வளையில் அவை ஏறத்தாழ மூன்று மாதம் வளர்கின்றன. அக்காலத்தில் தாயோ வேறொரு நாயோ காவலிருக்க, ஏனையவை வேட்டைக்குச் செல்கின்றன. திரும்பி வந்து, உண்ட இறைச்சியைக் கக்கிக் குட்டிகளுக்கும் காவலிருந்த நாய்க்கும் ஊட்டுகின்றன. கூட்டத்துடன் திரியும் அளவுக்குக் குட்டிகள் வளர்ந்தபின், வீழ்த்திய இரையில் அவையே முதலில் உண்ணும். பெரியவை காத்து நிற்கும்.

இத்துணை ஒற்றுமையும் வேட்டைத்திறனும் உடைய விலங்கு பல்கிப் பெருகியிருக்க வேண்டும். ஆனால், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் 2012ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, ஆப்பிரிக்கா முழுவதிலும் எஞ்சியிருந்த வளர்ந்த காட்டுநாய்கள் ஏறத்தாழ 6,600 மட்டுமே. இதற்கான காரணங்களுள் ஒன்றை அறியச் சிங்கத்தைப் பின்தொடர வேண்டும்.

அரிமாவின் ஆட்சி

தான்சானியா நாட்டின் செரெங்கெட்டி சமவெளியில் ஜார்ஜ் ஷாலர் 1966ஆம் ஆண்டில் சிங்கங்களைத் தொடர்ந்து ஆராயத் தொடங்கினார். சிங்கத்தின் உடலில் காட்டுநாய்க்கு இருப்பதுபோன்ற திட்டுகள் இல்லை. எனினும், மீசை முடிகள் முளைக்கும் இடத்திலுள்ள கரும்புள்ளிகளின் அமைப்பு சிங்கத்துக்குச் சிங்கம் வேறுபடும் என்பது கென்யாவில் நிகழ்ந்த ஆய்வில் 1970ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதுமுதல் அப்புள்ளிகளே சிங்கத்தின் அடையாளச் சான்றாயின.

தாய், மகள், தமக்கை, தங்கை என உறவுடைய பெண்சிங்கங்களே கூட்டத்தின் அடிப்படை. ஆண்சிங்கங்கள் சில ஒன்றுசேர்ந்து வெளியிலிருந்து வந்து கூட்டத்தைக் கைப்பற்றுகின்றன. எல்லையைக் காக்க அவை எழுப்பும் முழக்கம் எட்டுக் கிலோமீட்டர் வரை கேட்கும்.

தன் நிலத்தில் திரியும் வேறு வேட்டை விலங்கைச் சிங்கம் பொறுத்துக்கொள்வதில்லை. காட்டுநாய் கொன்ற இரையைப் பறித்துக்கொள்கிறது. வாய்ப்புக் கிட்டினால் நாயையும் கொல்கிறது. அவ்வாறு கொன்றதைப் பெரும்பாலும் உண்பதில்லை. வளையைக் கண்டுபிடித்துவிட்டால் குட்டிகள் தப்புவது அரிது. தன் எடையைப் போல் ஆறேழு மடங்கு எடையுள்ள எதிரியின்முன் காட்டுநாய்க்கு ஓட்டம் ஒன்றே காப்பு. பதிவு செய்த சிங்க முழக்கத்தை ஒலிபெருக்கி வழியே கேட்கச் செய்தபோது, ஒக்கவாங்கோவின் காட்டுநாய்கள் ஒலி வந்த திசைக்கு எதிராக விலகிச் சென்றன.

தெரிந்து தெளிவோம்

காட்டுநாய்க் கூட்டங்கள் மோப்பத்தால் ஒன்றன் எல்லையை மற்றொன்று அறிகின்றன. இவ்வியல்பைப் பயன்படுத்தி, அயற்கூட்டத்தின் வாசனைக் குறிகளைக் காப்பக விளிம்பில் இட்டு, நாய்கள் ஊர்ப்புறம் செல்லாமல் தடுக்க இயலுமா என்னும் ஆய்வும் போட்ஸ்வானாவில் நடைபெற்றது.

காப்பகத்தின் விளிம்பில்

இனி, தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் கண்ட ஓர் உண்மையை நோக்குவோம். அங்கு இரை விலங்குகள் செறிந்த பகுதிகளில் காட்டுநாய்கள் மிகுதியாக வாழவில்லை. அப்பகுதிகளைத் தவிர்த்தே திரிந்தன. முதற்பார்வையில் இது முரணாகத் தோன்றும். இரை செறிந்த இடத்தில் சிங்கமும் செறிந்திருக்கும் என்பதே அதன் காரணம். உணவு நிறைந்த இடம் சிங்கத்துக்குரியது. சிங்கம் குறைந்த இடத்தில் உணவும் குறைவு. குறைந்த உணவைத் தேடிக் காட்டுநாய் மிகுந்த பரப்பில் அலைய வேண்டியுள்ளது. அது நிலைகொள்ளாமல் திரிவதன் உட்பொருள் இதுவே.

இவ்வலைச்சல் காப்பகத்தின் எல்லையோடு நிற்பதில்லை. எல்லைக்கு அப்பால் சாலை ஊர்திகள், பிற விலங்குகளுக்கு வைத்த கண்ணிகள், கால்நடை வளர்ப்போரின் சினம், வீட்டுநாய்களிடமிருந்து பரவும் நோய்கள் ஆகியவை காத்திருக்கின்றன. கால்நடையையே வாழ்வாதாரமாகக் கொண்டோரின் இழப்பும் புறக்கணிக்கத்தக்கதன்று. செரெங்கெட்டி சமவெளியில் ஆய்வாளர்கள் அறிந்திருந்த காட்டுநாய்க் கூட்டங்கள் 1991ஆம் ஆண்டுக்குள் மறைந்துபோயின. அதற்கு முன் வெறிநோய் அவற்றிடையே கண்டறியப்பட்டது. 1994ஆம் ஆண்டில் நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் நச்சுயிரி அங்கிருந்த சிங்கங்களில் ஏறத்தாழ ஆயிரத்தை, அதாவது மூன்றில் ஒரு பங்கைக் கொன்றது. ஊர் நாயின் நோய்க்குமுன் அரிமாவும் காட்டுநாயும் ஒரு நிலையினவே.

சிங்கத்தை அகற்றினால் காட்டுநாய் பெருகும் என எண்ணுவது பிழை. ஆப்பிரிக்காவில் சிங்கத்தின் எண்ணிக்கையும் குறைந்து வருகிறது. இரண்டும் பன்னெடுங்காலம் ஒரே நிலத்தில் வாழ்ந்தவை. ஒன்று மற்றொன்றை விட்டு விலகிச் செல்ல இடம் இருந்தவரை இரண்டும் நிலைபெற்றன. இன்று சுருங்கியது அந்த இடமே.

இதனை உணர்ந்து அங்கோலா, போட்ஸ்வானா, நமீபியா, சாம்பியா, சிம்பாப்வே ஆகிய ஐந்து நாடுகள் 2011ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. காவங்கோ – சாம்பசி எல்லை கடந்த பாதுகாப்புப் பகுதி என்னும் அப்பெருநிலத்தின் பரப்பு ஏறத்தாழ 5,20,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல் நான்கு மடங்கு. ஊர்களும் வயல்களும் காப்பகங்களும் கலந்துள்ள அந்நிலத்தில், காப்பகங்களுக்கு இடையே விலங்குகள் சென்றுவரும் வழிகளைக் காப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. அவ்வழிகள் திறந்திருக்கும்வரை, சிங்க முழக்கம் கேட்டு விலகும் காட்டுநாய்க் கூட்டத்துக்குச் சென்றுசேர ஓர் இடம் இருக்கும்.

கற்பவை கற்றபின்

1. காட்டுநாய்க் கூட்டம் முடிவெடுக்கும் முறையை உங்கள் வகுப்பில் முடிவெடுக்கும் முறையுடன் ஒப்பிட்டு உரையாடுக.
2. "காப்பகத்தின் எல்லைக்கோடு விலங்குகளுக்குத் தெரியாது" என்னும் பொருளில் ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.
3. கால்நடையை இழந்த உழவர், காட்டுயிர் ஆய்வாளர் ஆகிய இருவரும் உரையாடுவதாகக் கற்பனை செய்து எழுதுக.