கருப்பட்டியும் சர்க்கரைதான்!

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடலோர மணலில் நிற்கும் பனைமரங்களைப் பார்த்திருக்கிறீர்களா? பாளையைச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டினால் பதநீர் கிடைக்கும். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. "சர்க்கரை நோய் உள்ளவர்கள் கருப்பட்டிக் காப்பி குடிக்கலாம். அது மெதுவாகத்தான் செரிக்கும்" என்று சிலர் சொல்வார்கள். இது சரியா?

முதலில் ஒரு கணக்கு. வயது வந்தவர் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் உண்டு. வெறும் வயிற்றில், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 70 முதல் 100 மில்லிகிராம் வரை குளுக்கோஸ் இருப்பது இயல்பு. பெருக்கிப் பாருங்கள். மொத்தமே அதிகபட்சம் 5 கிராம்தான், ஒரு தேக்கரண்டி! இது கூடினால் கணையம் இன்சுலினைச் சுரந்து அளவைக் குறைக்கிறது. சர்க்கரை நோயில் இந்த ஏற்பாடு பழுதாகிவிடுகிறது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

ஓர் உணவு இரத்தக் குளுக்கோஸை எந்த அளவு உயர்த்துகிறது? இதை ஒப்பிட, 1981இல் கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 'கிளைசீமிக் குறியீடு' என்ற அளவுகோலை வெளியிட்டனர். குளுக்கோஸுக்கு 100 என்று வைத்துக்கொண்டால், வெண்சர்க்கரைக்குச் சுமார் 65.

வெண்சர்க்கரை என்பது சுக்ரோஸ். அதன் மூலக்கூறில் ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் கைகோத்து நிற்கின்றன. சிறுகுடலின் நொதி அந்தப் பிணைப்பைச் சட்டென்று வெட்டிவிடுகிறது. இதே இரண்டும் வேறோர் இடத்தில் இணைந்தால் அது ஐசோமால்டுலோஸ். தேனில் இது சிறிதளவு உண்டு. தொழிற்சாலைகளில் சுக்ரோஸிலிருந்தும் தயாரிக்கிறார்கள். இந்தப் பிணைப்பை நொதியால் மெதுவாகத்தான் வெட்ட முடியும். ஆகவே குறியீடு சுமார் 32. குளுக்கோஸ் ஒரேயடியாக ஏறாமல், சிறிது சிறிதாக இரத்தத்தில் சேர்கிறது. ஆனால், இதிலும் கிராமுக்கு 4 கலோரி உண்டு. மெதுவாகச் செரிப்பது வேறு, சர்க்கரையே இல்லாமலிருப்பது வேறு.

இனி கருப்பட்டிக்கு வருவோம். அதில் பெரும்பகுதி அதே சுக்ரோஸ், அதே பிணைப்பு. சிறிதளவு தாதுப்புக்கள் கூடுதலாக உண்டு. மணமும் சுவையும் தனி. ஆனால் நொதிக்குக் கறுப்பு, வெளுப்பு தெரியாது!

உண்மையில் செரிமானத்தை மெதுவாக்குபவை நார்ச்சத்து மிகுந்த பயறு, கொண்டைக்கடலை, கீரை போன்றவை. உங்கள் வீட்டில் சர்க்கரை நோயுள்ள தாத்தாவோ பாட்டியோ இருந்தால், கருப்பட்டியையும் சர்க்கரைக் கணக்கிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு சாப்பிடலாம் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.