வெறுமை இல்லாத புன்வெற்றிடம்

'புன்வெற்றிடம்' என்ற பெயரைக் கேட்டதும், கலத்தினுள் ஒன்றுமே இல்லாத ஓர் இடம் என்றுதான் எண்ணத் தோன்றும். அக்கால நுணுக்குக்காட்டிகளில் அது அப்படித்தான் தெரிந்தது. 1841இல் பிரான்சிய விஞ்ஞானி துஜார்தான் இட்ட பெயர் இன்றுவரை நிலைத்துவிட்டது. உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் எனக்கு, அது வெறுமையானதன்று என்பதைத் தெளிவாக்கியது எங்கள் மலைநாட்டுத் தேயிலைக் கொழுந்தே.

முதிர்ந்த தாவரக் கலமொன்றின் கனவளவில் 80 முதல் 90 வீதம் வரை ஒரேயொரு பெரிய புன்வெற்றிடம் பிடித்துக்கொள்ளலாம். அதைச் சூழ மெல்லிய மென்சவ்வு உண்டு. உள்ளே இருப்பது நீர், வெல்லம், கனியுப்புகள், அமிலங்கள், நிறப்பொருள்கள் அடங்கிய கலச்சாறு. ரியோ இலையின் கீழ்ப்புற ஊதா நிறம் இச்சாற்றில் கரைந்துள்ள அந்தோசயனினே. நீர் நிறைந்தால் புன்வெற்றிடம் கலச்சுவரை அழுத்தும். இலை விறைத்து நிற்கும். நீர் குறைந்தால் செடி வாடும். வெள்ளரித் துண்டுகளில் உப்பிட்டால் நீர் விடுவதும் பிரசாரணத்தால்தான்.

இனித் தேயிலைக்கு வருவோம். 1867இல் கண்டி மாவட்டத்தின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கொழுந்தின் பொலிபீனோல்கள் புன்வெற்றிடத்துள் இருக்கின்றன. அவற்றை மாற்றும் நொதியமோ அதற்கு வெளியே இருக்கிறது. இடையில் மென்சவ்வு உள்ளவரை இரண்டும் சந்திப்பதில்லை. தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டி, பின் உருட்டி நசுக்கும்போது மென்சவ்வு கிழிந்து இரண்டும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர, கொழுந்து செம்புநிறமாகிறது. தேநீரின் நிறமும் சுவையும் இவ்வாறே பிறக்கின்றன. பின்னர் சூட்டில் உலர்த்தி நொதியத்தின் தொழிற்பாட்டை நிறுத்துவர். ஹந்தானைத் தேயிலை நூதனசாலையிலுள்ள பழைய உருட்டும் இயந்திரங்கள், கலங்களைத் திறக்கும் கருவிகளாகவே எனக்குப் பட்டன.

பறிக்கும்போதோ சாக்கில் திணிக்கும்போதோ கொழுந்து நசுங்கினால், இம்மாற்றம் முன்கூட்டியே தொடங்கித் தரம் கெடும். ஆகவே கொழுந்து பறிக்கும் தாய்மாரின் விரல்கள் காப்பது கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான புன்வெற்றிடங்களையே. அதை அறிவு வேண்டாத வேலை என்று சொல்லிவிடுவது நியாயமா?

விலங்குக் கலங்களில் இத்தகைய பெரிய புன்வெற்றிடம் இல்லை. சிறியவை தோன்றி மறையும். எமது வெண்குழியம் பற்றீரியாவை விழுங்கும்போது அதைச் சுற்றி ஒரு புன்வெற்றிடம் உருவாகும். கிருமி அதனுள்ளேயே நொதியங்களால் அழிக்கப்படும். நன்னீர் அமீபாவில் சுருங்கத்தக்க புன்வெற்றிடம் மிகை நீரை வெளியேற்றுகிறது; இல்லையேல் அமீபா வெடித்துவிடும். மதுவக் கலங்களின் புன்வெற்றிடத்தை ஆராய்ந்த ஜப்பானிய விஞ்ஞானி யொஷினோரி ஓசுமி, கலம் தன் பழுதடைந்த பகுதிகளை மீண்டும் பயன்படுத்தும் முறையை விளக்கி 2016இல் நோபல் பரிசு பெற்றார்.

சகோதரிகளே, பரீட்சையில் புன்வெற்றிடத்தின் தொழில்களை வினவினால், சேமித்தல், விறைப்பைப் பேணல் என்பவற்றுடன், கலக்கக் கூடாதவற்றைப் பிரித்துவைத்தல் என்பதையும் மறவாது எழுதுங்கள். பெற்றோர் விளக்கம் கேட்டால், அவர்கள் கையிலுள்ள தேநீர்க் கோப்பையைக் காட்டியே சொல்லிக்கொடுக்கலாம்.