உங்களுக்குத் தெரியுமா? கம்பத்துத் திராட்சையின் ஸ்பானியச் சொந்தம்

கடைத்தெருவில் கருநீல நிறமும் பன்னீர் மணமும் கொண்ட திராட்சைக் குலையை ஆசையோடு தேர்ந்தெடுக்கும் அன்பர்களுக்கு ஓர் ஆச்சரியமான செய்தி: நம் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சை, ஸ்பெயின் தேசத்து மாலகாவின் புகழ்பெற்ற இன்மதுவுக்குரிய திராட்சை இனத்தின் வாரிசாகும்!

• பன்னீர் திராட்சையின் ரகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அதன் பெற்றோரில் ஒன்று ‘அலெக்ஸாந்திரியா மஸ்கட்’ என்பதை மரபணு ஆராய்ச்சி நிரூபித்திருக்கிறது.

• அந்தப் பூர்வீக இனம், மாலகாவுக்குக் கிழக்கேயுள்ள அக்சார்க்கியா என்னும், உலகம் அதிகம் அறியாத மலைப்பிரதேசத்தின் செங்குத்தான சரிவுகளில் இன்றும் பயிராகிறது. அங்குள்ள குடியானவர்கள் குலைகளை வெயிலில் பரப்பி உலர்த்தி, உலர்திராட்சையும் இனிய மதுவும் ஆக்குகிறார்கள்.

• ஸ்பெயினில் குளிர்காலம் வந்ததும் இலையுதிர்த்து நித்திரை கொள்ளும் திராட்சைக்கொடி, உஷ்ணம் குறையாத கம்பத்தில் உறங்குவதே இல்லை. ஆகவே தக்க பருவத்தில் கவாத்து செய்து, ஓராண்டில் ஒரு முறைக்கு மேல் அறுவடை காண்கிறார்கள் நம் விவசாயிகள்.

• 1895-ல் பூர்த்தியான முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இப்பள்ளத்தாக்கில் இறங்கி வளம் சேர்க்கிறது.

• கம்பம் பன்னீர் திராட்சை 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது.