அட்டையில் மிஞ்சிய எட்டு மாத்திரைகள்



எங்கள் மத்ரஸாவில் அஸருக்குப் பின் ஓத வரும் சிறுவர்களுள் ஒருவன் மூன்று நாள்களாக வரவில்லை. நான்காம் நாள் அவனுடைய தாயார் வாசலில் வந்து நின்றார். தண்ணீர் ஓதி வாங்கிப் போக வந்திருக்கிறார் என்றே எண்ணினேன். அவரோ, "ஹஜ்ரத், பிள்ளைக்குச் சளியும் காய்ச்சலுமாக இருக்கிறது. அவன் அத்தாவுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையில் எட்டு மிச்சம் இருக்கிறது. பாதிப் பாதியாகக் கொடுக்கலாமா?" என்று கேட்டார். கையிலிருந்த அட்டையின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு ஓடியது.

அந்த எட்டு மாத்திரைகள் மிஞ்சிய வரலாற்றை முதலில் சொல்ல வேண்டும்.

சிறுவனின் தந்தை மரவள்ளிக்கிழங்கு வியாபாரி. கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையேறி, வெள்ளிமலைப் பக்கத்துச் சிற்றூர்களில் கிழங்கு பேசி முடித்து வருவார். மழைக்காலம் முடிந்து புதர் மண்டிக் கிடந்த நாள்களில் அவ்வாறு போய் வந்தவருக்கு, பத்து நாள் கழித்துக் கடும் காய்ச்சலும் தலைவலியும் கண்டன. மருத்துவரிடம் செல்லாமல், ஒரு மருந்துக் கடையில் சொல்லி அமாக்ஸிசிலின் வாங்கி விழுங்கினார். நான்கு நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. மூச்சு வாங்கத் தொடங்கியது. பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார். அங்கிருந்த மருத்துவர் சட்டையைக் கழற்றச் சொல்லி உடலெங்கும் தேடினார். இடுப்பில் வேட்டி கட்டும் இடத்தில், சிகரெட்டால் சுட்டது போன்ற கரிய பொருக்கு ஒன்று இருந்தது. வலியில்லாததால் அவர் அதைக் கவனித்திருக்கவேயில்லை.

ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல் அது. புதர்க்காடுகளில் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்பூச்சி கடிப்பதால் வருவது. அதை உண்டாக்கும் பாக்டீரியா நம் உடல் உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்து வாழ்கிறது. பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்த அமாக்ஸிசிலின் அதனிடம் பலிப்பதில்லை. டாக்ஸிசைக்ளின் பலிக்கும். காலை ஒன்று, இரவு ஒன்று என ஏழு நாள்களுக்குப் பதினான்கு மாத்திரைகள் எழுதித் தந்தார்கள். இரண்டே நாளில் காய்ச்சல் விட்டது. மூன்றாம் நாளோடு அவரும் மாத்திரையை விட்டார். மிச்சம் எட்டு!

கடையில் வாங்கியதும் மருத்துவர் தந்ததும் ஆன்டிபயாடிக்தான். ஆனால் எல்லா ஆன்டிபயாடிக்கும் எல்லாக் கிருமிக்கும் ஆகாது. அதனினும் முக்கியமானது, வைரஸால் வரும் சளி, சாதாரண இருமல், டெங்கு ஆகியவற்றிடம் எந்த ஆன்டிபயாடிக்கும் வேலை செய்யாது. ஆகவே அந்தத் தாயாரிடம், "கொடுக்க வேண்டாம், பிள்ளையை டாக்டரிடம் காட்டுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். டாக்ஸிசைக்ளின் சேர்ந்த டெட்ராசைக்ளின் குடும்ப மருந்துகள், பற்கள் உருவாகும் வயதுப் பிள்ளைகளுக்குப் பல்லில் கறை படியச் செய்யக்கூடியவை. கடுமையான உண்ணிக் காய்ச்சலில் மருத்துவரே தீர்மானித்துக் குழந்தைக்குத் தருவது உண்டு. அது வேறு, தாய் பாதியாக உடைத்துத் தருவது வேறு.

நான் கலைக் கல்லூரியில் படித்தவன், மருத்துவன் அல்லன். எனினும் இந்நிகழ்ச்சிக்குப் பின் மருத்துவ நண்பரிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றைப் பகிர்ந்துகொள்கிறேன்.

பென்சிலினை 1928இல் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோதே, போதாத அளவில் மருந்தை உட்கொண்டால் கிருமிகள் அதை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும் என்று எச்சரித்தார். அது நடந்தேவிட்டது. மிக வலிய ஆன்டிபயாடிக்குகளையும் முறியடிக்கும் என்.டி.எம்.-1 என்னும் தன்மை கொண்ட கிருமிகள் சென்னையிலும் அரியானாவிலும் பிற நாடுகளிலும் பரவியிருப்பதை 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அதன் முதலாசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. 2012 ஆகஸ்டில் சென்னையில் கூடிய மருத்துவச் சங்கங்கள் இதற்கொரு செயல்திட்டம் வகுத்தன. 'சென்னைப் பிரகடனம்' எனப்படும் அதனை ஒருங்கிணைத்தவர் தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர். 2014 மார்ச் முதல், வலிய ஆன்டிபயாடிக்குகள் பலவும் காசநோய் மருந்துகளும் எச்1 அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அவற்றை விற்கும் கடைக்காரர் நோயாளியின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். அமாக்ஸிசிலினும் டாக்ஸிசைக்ளினும்கூடச் சீட்டின்றி விற்கக்கூடாதவையே. 2016இல் மத்திய அரசு விளம்பரப்படுத்திய சிவப்புக் கோட்டின் பொருளும் இதுதான். கோட்டைப் பார்த்தும் சீட்டுக் கேட்காத கடைகள் உண்டு என்பது ஊரறிந்த செய்தி.

"முழுவதையும் சாப்பிட்டே தீர வேண்டுமா?" என்பார்கள். பல நோய்களுக்கு முன்பு பத்து நாள் தந்ததை இப்போது ஐந்து நாளாகக் குறைத்திருக்கிறார்கள்; குறைந்த நாள் போதுமெனில் அதுவே நல்லது என்பது இன்றைய மருத்துவக் கருத்து. ஆனால் நாளைக் குறைப்பவர் மருத்துவராக இருக்க வேண்டும். காய்ச்சல் விட்டதென்று நாமே குறைத்துக்கொண்டால், உண்ணிக் காய்ச்சல் திரும்பவும் வரக்கூடும். தொண்டையில் வரும் ஒருவகைப் புண்ணை அரைகுறையாக விட்டால் பிள்ளைகளுக்கு இருதய வால்வைக் கெடுக்கும் வாதக் காய்ச்சல் வரலாம். காசநோயில் இடையில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத காசம் பிறக்கும்.

காசநோய் என்றதும் நம் சென்னைக்கு உரிய பெருமை ஒன்று நினைவுக்கு வருகிறது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் ஒரு சோதனை செய்தது. ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்தில் சேர்த்து நல்ல உணவும் ஓய்வும் தந்தார்கள். மற்றவர்கள் நெருக்கடி மிகுந்த ஏழைக் குடிசைகளில் தம் வீட்டிலேயே இருந்து அதே மாத்திரைகளை ஓராண்டு உட்கொண்டார்கள். 1959இல் முடிவு வெளியானபோது உலகமே வியந்தது. இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தனர்! சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது. வீட்டு நோயாளிகளை எப்படிக் கண்காணித்தார்கள் தெரியுமா? முன்னறிவிப்பின்றி வீட்டிற்குச் சென்று மிச்சமிருக்கும் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். ஓட்டைக் குடிசையிலும் நோய் தீர்ந்தது, மாத்திரை தவறாததால்.

இனி, சீட்டைக் கையில் வாங்கும்போதே கேட்க வேண்டியவை. மலைமேல் வாழும் சகோதரர்களுக்கு மறுபடி கேட்க வருவதென்றால் ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் போகும். ஆகவே முதல் தடவையே கேட்டுவிடுவது நல்லது. முன்பு எந்த மருந்திலாவது தடிப்போ அரிப்போ வந்திருந்தால் சொல்லுங்கள். கர்ப்பம், பாலூட்டுதல், சிறுநீரகக் கோளாறு, ஏற்கெனவே உண்ணும் மாத்திரைகள் ஆகியவற்றையும் மறைக்க வேண்டாம். டாக்ஸிசைக்ளினையும் சிப்ரோஃப்ளாக்ஸாசினையும் பாலோடு விழுங்கக்கூடாது. இரும்புச் சத்து மாத்திரையோடும் சேர்க்கக்கூடாது. டாக்ஸிசைக்ளினை ஒரு குவளைத் தண்ணீரோடு விழுங்கி உடனே படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையெனில் உணவுக்குழாய் புண்ணாகும். குழந்தைகளின் பொடி மருந்தைக் காய்ச்சி ஆறிய நீரில் பாட்டிலின் கோடு வரை கரைத்து, உடன் தரும் மூடியால் அளந்து கொடுக்க வேண்டும். சமையல் கரண்டியால் அன்று. ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் உண்ணலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடலாம், இரட்டிப்பாக விழுங்கலாகாது. முகமோ நாக்கோ வீங்கினால், மூச்சுத் திணறினால், தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.

ஷஅபான் மாதக் கடைசியில் அந்த வியாபாரியே என்னிடம் வந்தார், காலில் சீழ்ப்புண்ணுடன். எட்டு மணிக்கொரு தடவையென மாத்திரை எழுதியிருந்தார்கள். "ஹஜ்ரத், ஸஹரில் ஒன்றும் இஃப்தாரில் இரண்டுமாகப் போட்டுக்கொள்கிறேனே?" என்றார். கூடாது என்றேன். மருந்தின் அளவு இரத்தத்தில் இடைவிடாமல் நிற்பதற்காகத்தானே எட்டு மணிக் கணக்கு! நாளைக்கு இரு வேளை மட்டும் உண்ணும் மருந்து பொருந்துமா என மருத்துவரிடம் கேட்கச் சொன்னேன். பொருந்தாதெனில், நோயாளிக்கு வேறு நாள்களில் நோற்க அல்லாஹ் தந்த சலுகை அல்பகரா அத்தியாயத்தின் 185ஆம் வசனத்தில் இருக்கிறதே என்றேன். மருத்துவர் இரு வேளை மருந்தாகவே மாற்றிக் கொடுத்துவிட்டார். நோன்பு ஏழில் அவர் மனைவி ஓத வந்த மகனிடம் வெற்று அட்டையைக் கொடுத்தனுப்பியிருந்தார், நான் எண்ணிப் பார்ப்பதற்காக.